உரித்து வைத்தாற்போல்

எங்கள் வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் இருந்தது அவருடைய கடை. பாஸ்போர்ட், விசா, அடையாள அட்டை என்று அரசாங்கம் கேட்கிற படங்கள் மட்டும்தான் எடுப்பார். கல்யாணம், பிறந்தநாள் என்று யாராவது வந்தால், "அதுக்கெல்லாம் சிரிக்கணும். இங்கே சிரிச்சா ரிஜெக்ட்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். வருகிறவர்களிடம் எல்லாம் "காது தெரியணும், காது தெரியணும்" என்று சொல்லிச் சொல்லி வளாகத்தில் அவருக்கே ‘காது’ என்று பெயர் விழுந்துவிட்டது. கூரியர் கொண்டுவருகிறவன்கூட "காது சார் இருக்காரா?" என்றுதான் கேட்பான். அவருக்கும் தெரியும். கோபப்பட்டதில்லை.

அடுத்த கடை என்னுடையது. ஜெராக்ஸ், லேமினேஷன். இரண்டு கடைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் இந்தப் பக்கம் கேட்கும். அதனால் நான் சொல்லப்போவதில் பாதி கேட்டது, பாதி அவரே சொன்னது, கொஞ்சம் நேரில் பார்த்தது.

இளகிய மனசுக்காரர் என்று அவரைச் சொல்ல முடியாது. அப்பா இறந்த செய்தி கேட்டு ஊருக்குப் புறப்படுகிற ஒரு பெண், அவசர விசாவுக்குப் படம் எடுக்க வந்தாள். அழுகையை அடக்க முடியவில்லை அவளால். "இப்ப அழாதீங்க, மூக்கு சிவந்தா படம் செல்லாது. எடுத்து முடிச்சிட்டு வெளியே நின்னு அழுங்க" என்றார். அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். படம் நன்றாக வந்திருந்தது.

வீட்டில் அவரும் அம்மாவும் மட்டும்தான். அந்த அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விரிப்பு துவைத்தே ஆயுளைக் கழித்தவர். கையெல்லாம் தோல் வெளுத்து, நகங்கள் பிளந்து கிடக்கும். ஓய்வு பெற்ற பிறகு மதியச் சாப்பாட்டைத் தானே தூக்கிக்கொண்டு முழங்கால் வலியோடு கடைக்கு வருவார். "கண்ணு, ஆறிடப்போகுது, கையைக் கழுவு" என்பார். நாற்பதை நெருங்குகிற ஆளைக் கண்ணு என்று கூப்பிடுவதைக் கேட்டு, வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பை அடக்குவார்கள். அவர் மட்டும் அலட்டிக்கொள்ளாமல் எழுந்து போய்க் கையைக் கழுவுவார்.

அவருக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போயிற்று. கடைசியில் ஒரு இடம் கூடிவந்தது. பெண் வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு வளர்ந்துகொண்டிருந்தபோது, அம்மாவின் தங்கை, அதாவது அவருடைய சித்தி, தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"எல்லாம் சரி. ஒண்ணை மட்டும் மறைக்க எனக்கு மனசு வரல. பையன் எங்க அக்கா வயித்துப் பிள்ளை இல்ல. கப்பல் ஏறும்போது தூக்கிட்டு வந்தது. அவங்க அப்பன் ஆத்தா யாரு, எந்த ஊரு, ஒண்ணும் தெரியாது."

பெண் வீட்டார் பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனார்கள். "பின்னால தெரிஞ்சா எங்களைத்தானே காறித் துப்புவாங்க" என்று சித்தி நியாயம் பேசிக்கொண்டே தட்டில் மிச்சமிருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள்.

அம்மா அவரிடம் அன்றே எல்லாவற்றையும் சொன்னார். பீரோவில் துணிக்கு அடியில் இருந்து ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்து நீட்டினார். ஸ்டூடியோவில் எடுத்தது. பின்னால் திரையில் வரைந்த மாடிப்படி, பூத்தொட்டி. முன்னால் நாற்காலியில் ஒரு இளம்பெண், மடியில் கைக்குழந்தை. பக்கத்தில் ஒல்லியான ஆண் ஒருவர் விறைப்பாக நிற்கிறார்.

"துறைமுகத்துல கப்பலுக்காக ஒரு பெரிய கொட்டகையில எல்லாரையும் அடைச்சு வச்சிருந்தாங்க. எங்க பாய்க்குப் பக்கத்துப் பாய் அவளோடது. புருஷன் செத்துட்டான்னு சொன்னா. அவளுக்கும் காய்ச்சல், ஓயாத இருமல். உன்னையும் இந்தப் படத்தையும் எங்கிட்டக் குடுத்துட்டுப் படுத்தவதான், எழுந்திருக்கவே இல்ல. கப்பல்ல ஏத்தும்போது தலையை எண்ணினாங்க. உங்கப்பா உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டு, எங்க பிள்ளைன்னு சொல்லிட்டாரு. அவ்வளவுதான் கண்ணு."

"அவங்க ஊர் எது?"

"கேக்கலையே. அவளுக்குப் பேச்சே வரல, இருமல்தான் வந்துச்சு."

"சொந்தக்காரங்க யாரும் தேடி வரலையா, இல்ல நீ வரவிடலையா?"

அந்த அம்மா பீரோவைச் சாத்தினார். அன்றிலிருந்து மகன் அம்மா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். திட்டவில்லை, சண்டை போடவில்லை. "சாப்பாடு வேணாம்", "சாவி எங்கே" என்று மொட்டையாகப் பேச ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு அந்தப் படம்தான் அவருக்கு எல்லாம். ஸ்கேன் செய்தார், பெரிதாக்கினார், கறையை நீக்கினார். வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் அந்த ஒல்லி மனிதரின் காதையும் தன் காதையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். "காது மாறவே மாறாது தெரியுமா? மூக்கு மாறும், கண்ணு தொங்கும், காது அப்படியே இருக்கும்" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். எனக்கு எல்லாக் காதும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. தலையாட்டி வைத்தேன்.

பின்னால் இருந்த மாடிப்படித் திரையை மட்டும் வெட்டி, கைபேசிக் குழுக்களில் போட்டார். கப்பல் ஏறி வந்த பழைய நாட்டிலிருந்து யாரோ பதில் போட்டார்கள்: எங்கள் ஊர் ஸ்டூடியோவில் இதே திரை இருந்தது, எங்கள் தாத்தா படத்திலும் இருக்கிறது என்று. காதுக்குத் தலைகால் புரியவில்லை. கடையை என்னிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறினார். அதுவரை ஊர்விட்டு ஊர் போகாத ஆள்.

அங்கே ஸ்டூடியோ இருந்த இடத்தில் கைபேசி உறை விற்றுக்கொண்டிருந்தார்கள். இவர் படத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக ஏறி இறங்கினார். பழைய இரும்புக்கடை வைத்திருந்த ஒருவர் படத்தை வாங்கிப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னைத் தாத்தா வீட்ல விட்டுட்டு, உன்னை மட்டும் தூக்கிட்டுப் போனாங்கடா தம்பி" என்றார்.

அவ்வளவுதான். இவர் அந்த மனிதரின் தலையைப் பிடித்துத் திருப்பி, காதைப் பார்த்து, கட்டிக்கொண்டு அழுதாராம். திரும்பி வந்து என்னிடம் இதைச் சொல்லும்போதும் கண் கலங்கியது. "நான் இத்தனை வருஷமா காது பாக்கிறவன். எனக்குத் தெரியாதா? அப்படியே உரிச்சு வச்ச மாதிரி."

அந்த வீட்டு முற்றத்தில் ஒரு குடும்பப் படம் எடுத்து வந்திருந்தார். வாழ்க்கையில் முதல்முதலாக எல்லோரையும் சிரிக்கச் சொல்லி எடுத்த படம். நடுவில் இவர். இரண்டு பக்கமும் அண்ணன், அண்ணி, அவர்கள் மகன், ஒரு அத்தை, அத்தை பேத்திகள். அண்ணன் கையும் அத்தை கையும் இவர் தோள்மேல் கிடந்தன. அதை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கினார். வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த வளர்த்த அப்பாவின் படத்தைக் கழற்றிவிட்டு, அந்த ஆணியிலேயே இதை மாட்டினார்.

அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்தார்.

"இவங்க இல்லப்பா" என்றார்.

"என்ன இல்ல?"

"உனக்கு அண்ணன் கிடையாது. அவ சொன்னா எங்கிட்ட. இதுதான் என் தலைப்பிள்ளைன்னு சொல்லித்தான் உன்னைக் கையில குடுத்தா."

"ஊர் எதுன்னு கேட்டப்ப பேச்சே வரல, இருமல்னே. இப்ப மட்டும் அவளுக்குப் பேச்சு வந்துருச்சா?"

"சத்தியமா சொன்னா கண்ணு."

"திருடின பொருளைத் திருப்பிக் கேட்டா எல்லாரும் இப்படித்தான் சத்தியம் பண்ணுவாங்க. இன்னொரு தடவை என்னைக் கண்ணுன்னு கூப்பிடாதே. நீ எனக்கு அம்மா இல்ல."

இதையும் அவரேதான் என்னிடம் சொன்னார். சரியான பதிலடி கொடுத்துவிட்ட திருப்தி குரலில் தெரிந்தது. "அப்புறம் அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். "என்ன சொல்ல முடியும்? கழட்டின படத்தை மடியில வச்சுத் துடைச்சுக்கிட்டு உள்ள போயிருச்சு" என்றார்.

சாப்பாட்டு டப்பா அதற்குப் பிறகும் வந்தது. கொண்டுவருகிற அம்மாதான் உள்ளே வராமல், என் கடை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

அடுத்த வருஷம் அண்ணன் மகன் வந்து இறங்கினான். இருபத்து மூன்று, நான்கு வயது இருக்கும். நல்ல வளர்த்தி, வாய் நிறையச் சிரிப்பு. "சித்தப்பா, சித்தப்பா" என்று அவர் பின்னாலேயே சுற்றினான். காதுக்குக் கால் தரையில் படவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அவன் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தி, "எங்க அண்ணன் மகன். உரிச்சு வச்ச மாதிரி இல்ல?" என்பார். விசா அவசரத்தில் நிற்கிறவன் என்ன சொல்வான்? "அப்படியே இருக்காரு சார்" என்பான். இரண்டு பேரும் ஒரே வெளிச்சத்தில், ஒரே உயரத்தில் உட்கார்ந்து எடுத்த படத்தைக் கண்ணாடிக் கதவில் ஒட்டியும் வைத்தார்.

அம்மாவின் அறை அண்ணன் மகனுக்குப் போயிற்று. அம்மா கூடத்தில் படுத்தார். அந்த அம்மாவுக்கு விடிகாலையில் எழுந்து தண்ணீர் பிடிக்கிற பழக்கம். குழாய்ச் சத்தத்தில் தூக்கம் கெடுகிறது என்று பையன் ஒரு நாள் முகம் சுளித்தான். அந்த வாரமே காது அம்மாவின் துணிகளைப் பையில் போட்டு, சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

"கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார் என்னிடம்.

"அந்தச் சித்தி வீட்லயா?" என்றேன்.

"அவங்களுக்குள்ள ரத்த சொந்தம் இருக்கில்ல? பாத்துக்கட்டும்."

சித்தி நன்றாகவே பார்த்துக்கொண்டாள். வீட்டில் இருந்த துவைக்கும் இயந்திரத்தைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டாள். அந்தச் செலவு எதற்கு, ஆஸ்பத்திரிக்கே துவைத்த கை சும்மா இருக்கிறதே என்று.

பையன் தங்கியிருக்க வாங்கிய அனுமதி முடிகிற காலம் வந்தது. சித்தப்பா பொறுப்பு ஏற்பதாகச் சொல்லி மனுப் போட்டார்கள். குடியேற்ற அலுவலகத்தில், ரத்த உறவுதான் என்று பரிசோதனை செய்துகொண்டு வரச் சொன்னார்கள். காதுக்கு அது பெரிய சந்தோஷம். "இனிமே எவனும் வாயைத் திறக்க முடியாது. அந்தக் கிழவி உட்பட" என்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

பையன் பிடி கொடுக்கவில்லை. ஒரு தடவை காய்ச்சல் என்றான். ஒரு தடவை ஊசி என்றாலே மயக்கம் வரும் என்றான். "எச்சில்தான்டா எடுப்பாங்க, ஊசி இல்ல" என்று இவர் சிரித்தார். மூன்றாவது தடவை, இரண்டு பேரும் கிளம்பி நிற்கும்போது, பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் பையன் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"வேணாம் சித்தப்பா. எதுக்கு வீணா. ஒத்துப் போகாது."

"என்ன ஒத்துப் போகாது?"

"அப்பாவுக்கு முதல் நாளே தெரியும். எங்களுக்கும் தெரியும். எங்க குடும்பத்துல யாரும் கப்பல் ஏறல."

பையன் தானாகவே தொடர்ந்தான். பாரத்தை இறக்கி வைக்கிறவன் மாதிரி, கொஞ்சம் சிரித்துக்கொண்டேகூடச் சொன்னான்.

"அத்தைன்னு படத்துல நிக்குதே, அது பக்கத்து வீடு. கூட்டம் கம்மியா இருக்குன்னு அப்பாதான் கூப்பிட்டு நிறுத்தினாரு. நீங்க காது தெரியணும்னு ஒவ்வொருத்தர் முடியையும் ஒதுக்கி விட்டீங்களா, நீங்க போனப்புறம் அதை நடிச்சுக் காட்டி ஊரே சிரிச்சுச்சு. எனக்குத்தான் பாவமா இருந்துச்சு, சித்தப்பா."

காது எழுந்து என் கடைக்கு வந்தார். கைபேசியை என் மேஜைமேல் வைத்து, ஒலிபெருக்கியில் போட்டு, அண்ணனைக் கூப்பிட்டார். தனியாகக் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை என்று நினைக்கிறேன்.

"அண்ணே. இவன் என்னமோ சொல்றான்."

இரும்புக்கடையில் எதையோ உடைக்கிற சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது. பதறவே இல்லை.

"சொல்லிட்டானா? சரி விடு தம்பி. நான் இல்லைன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள நீ என் காதைப் பிடிச்சுப் பாத்து அழ ஆரம்பிச்சுட்டே. அழுற ஆளை எப்படி விரட்டுறது?"

"என்னை விட்டுட்டுப் போனாங்கடான்னு சொன்னது நீங்கதானே?"

"நீ எதிர்பாத்து நின்னே, சொன்னேன். நாங்களா உன்னைத் தேடி வந்தோம்? வீடு வீடா ஏறி இறங்கினது யாரு? உனக்கு ஒரு அண்ணன் வேணும், எனக்குப் பையனைக் கரை சேக்கணும். இதுல உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?" என்றவர், "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டார்.

காது கைபேசியை அணைக்கவில்லை. நான்தான் அணைத்தேன்.

பையன் மறுநாளே வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டான். ஆனால் போகுமுன் கடைக்கு வந்தான். "கோவிச்சுக்காதீங்க. வேற ஒரு நாட்டுக்கு முயற்சி பண்றேன். படம் மட்டும் எடுத்துக் குடுத்திருங்க" என்றான். எனக்குக் கை பரபரத்தது, நாலு அறை விடலாமா என்று. காதோ விளக்கைப் போட்டார். ஸ்டூலைக் காட்டினார். "முகவாயைத் தூக்கு. தூக்கினது போதும்" என்றார். எடுத்துக் கொடுத்தார். அந்தப் படத்தில் அந்தப் பையன் யார் மாதிரியும் இல்லை. அவருக்கும் அது அன்றைக்குத் தெரிந்திருக்கும்.

அதன் பிறகு ஒரு நாள் அந்த ஆளுயரப் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். என்னிடம் பேப்பர் வெட்டும் பெரிய கத்தி இருக்கிறது.

"என்னை மட்டும் வெட்டி எடுத்துக் குடுங்க" என்றார்.

விரித்து வைத்து வெட்டினேன். இந்தப் பக்க அண்ணனும் அந்தப் பக்க அத்தையும் சுலபமாகக் கழன்று போனார்கள். தோள்மேல் கிடந்த கைகளை மட்டும் எடுக்க முடியவில்லை. அதை வெட்டினால் அவர் தோளையும் சேர்த்து வெட்ட வேண்டும். மணிக்கட்டோடு நின்றுபோன இரண்டு கைகளுடன் அவர் நடுவில் சிரித்துக்கொண்டிருந்தார். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "வேணாம், எல்லாத்தையும் போட்டுருங்க" என்று போய்விட்டார். நானும் குப்பையில் போட்டுவிட்டேன்.

அம்மாவைக் கூட்டிவர அதற்குப் பிறகுதான் அவருக்கு மனம் வந்தது. சித்தி வீட்டுக்குப் போனபோது அந்த அம்மா குளியலறையில் குந்தி உட்கார்ந்து போர்வை அலசிக்கொண்டிருந்தாராம். நிமிர்ந்து பார்த்தார். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க. உக்காருங்க" என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று இவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

"அம்மா, வீட்டுக்குப் போலாம்."

"இருங்க, காப்பி சாப்பிட்டுப் போவீங்க."

சித்திக்கே தூக்கிவாரிப் போட்டது. "என்னக்கா இது, பையனைப் போய் வாங்க போங்கன்னுக்கிட்டு?"

"அடுத்த வீட்டு ஆளுங்ககிட்ட அப்படித்தானே பேசணும்" என்றார் அம்மா. குரலில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை.

அம்மா வரமாட்டார் என்று காது பயந்தார். ஆனால் சித்தி ஏற்கெனவே பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். முதுகு வலி என்று அக்கா இரண்டு நாளாக மெதுவாகத் துவைக்கிறாளாம். போக்கிடம் இல்லாத அந்த அம்மா மகனோடு திரும்பி வந்தார். பழைய அறைக்கே போனார். விடிகாலையில் எழுந்தார், தண்ணீர் பிடித்தார், சமைத்தார். மதியச் சாப்பாடு மறுபடியும் காதின் மேஜைக்கே வந்தது.

"சாப்பிடுங்க, ஆறிடப்போகுது."

வரிசையில் நின்றவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற மாதிரி அதில் ஒன்றும் இல்லை. பிளைவுட்டுக்கு இந்தப் பக்கம் எனக்குத்தான் உடம்பு கூசிப்போயிற்று.

காது என்னென்னவோ செய்து பார்த்தார். காலில் விழுந்தார். ஒரு நாள் தட்டை எறிந்து கத்தினார். "நான் சொன்னதுக்கு என்னை அடி, செருப்பால அடி. ஆனா நீன்னு சொல்லு, ஒரே ஒரு தடவை சொல்லு" என்று கெஞ்சினார். அந்த அம்மா சிதறின சோற்றைக் கூட்டி அள்ளிக்கொண்டே, "நீங்க சொன்னது நியாயந்தானேங்க. இத்தனை நாளும் எனக்குத்தான் உறைக்கல" என்றாராம். அதில் இவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. திட்டினால் சமாதானம் பேசலாம். மரியாதை கொடுக்கிறவரிடம் என்ன பேசுவது?

இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. ஒரு பகலில் அந்த அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனது. நானும் காதும்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அந்த அம்மா வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி. கட்டிலில் போட்டதும் அந்த வலியிலும் விரிப்பைத் தொட்டுப் பார்த்து, "சரியா அலசல" என்று முனகினார்.

நர்ஸ் வந்தாள். சின்னப் பெண். இந்த அம்மாவைத் தெரிந்திருக்க நியாயமில்லை.

"கூட யாரும்மா வந்திருக்காங்க? இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

காது ஒரு அடி முன்னால் வந்தார். வாயைத் திறந்தார். அதற்குள் அம்மா சொல்லிவிட்டார்.

"நான் குடியிருக்கிற வீட்டு ஓனருங்க. நல்ல மனுஷன்."

"பிள்ளைங்க யாரும் இல்லையா?"

"இல்லீங்க."

நர்ஸ் எங்கள் பக்கம் திரும்பினாள். "சொந்தக்காரங்க மட்டும்தான் உள்ளே இருக்கலாம் சார். நீங்க ரெண்டு பேரும் வெளியே இருங்க."

அவர் மறுத்துச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். நான்தான் மகன் என்று சட்டைப்பையில் இருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டியிருக்கலாம். அப்பா அம்மா பெயர் அதில் அச்சாகியே இருக்கிறது. அவர் நர்ஸிடம் "சரிம்மா" என்றார். நடைபாதையில் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"சார், அந்தம்மா கேக்கச் சொன்னாங்க. நீங்க சாப்பிட்டீங்களான்னு. வேளைக்குச் சாப்பிடலைன்னா உங்களுக்குத் தலைவலி வருமாமே?"

காலையிலிருந்து இரண்டு பேருமே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"சாப்பிட்டாச்சுன்னு சொல்லுங்க" என்றார் அவர்.